புகையை எடைபோடுவது எப்படி?

(ஆலங்குளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலங்குளம் என்று வெளியூரில் சொன்னால், "தென்காசிப் பக்கமா?" என்றுதான் கேட்பார்கள். "இல்லை, சிமென்ட் ஆலை ஆலங்குளம்" என்று சொன்ன பிறகே விருதுநகர் மாவட்டம் அவர்கள் நினைவுக்கு வரும். 1970இல் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம் இங்கே தொடங்கிய ஆலை அது. 1976இல் தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகம் உருவானதும் அதன் பொறுப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் சிமென்ட் தயாரிக்கும் திறனோடு, ஈர முறையில் அமைக்கப்பட்ட ஆலை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1960களின் தொடக்கத்தில், விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே ராமசாமி ராஜா நகரில் மெட்ராஸ் சிமென்ட்ஸ் ஆலை வந்துவிட்டது. ஒரு பக்கம் சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகங்கள். இன்னொரு பக்கம் ராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி. கந்தக பூமி என்று பேர் வாங்கிய வட்டாரத்துக்குப் புகையும் தூசியும் புதிதல்ல.

இங்கே புகையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது கண்ணால் கண்ட பேச்சாகத்தான் இருக்கும். "ராத்திரி ஒரே கரும்புகை." "காலையில் வெள்ளை வெள்ளையாகக் கக்கியது." "இன்றைக்கு ஒன்றுமே வரவில்லை." இந்த மூன்று சாட்சியமுமே ஆளை ஏமாற்றக்கூடியவை. மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போகிற துகள் கண்ணுக்கே தெரியாது. அதைப் பிடித்து எடைபோட வேண்டும். எடைபோட்டவர் யார், எப்போது போட்டார், எதை விட்டுவிட்டுப் போட்டார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

கண்ணால் புகையை அளப்பதும் ஒரு காலத்தில் அறிவியல்தான். பாரிஸில் பேராசிரியராக இருந்த மாக்சிமிலியன் ரிங்கல்மன் 1888இல் ஓர் அட்டை தயாரித்தார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளை 20 சதவீதம், 40 சதவீதம் என்று படிப்படியாக அடர்த்தி கூட்டி வரைந்து, 0 முதல் 5 வரை எண் கொடுத்தார். அதைத் தூரத்தில் மாட்டி வைத்து, சிம்னியிலிருந்து வரும் புகை எந்தக் கட்டத்தின் கருமைக்குச் சமம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிலக்கரிக் கரும்புகைக்கு இந்த முறை ஓரளவு பொருந்தியது. உலகெங்கும் நகராட்சிகள் இதை வைத்து அபராதம் போட்டன. ஆனால் இரவில் இது பயன்படாது. வெள்ளைப் புகைக்கும் பயன்படாது. மேகம் மூடிய வானத்தில் ஒரு எண், வெயிலில் இன்னொரு எண் வரும்.

சிமென்ட் ஆலை விஷயத்தில் கண் இன்னும் மோசமாக ஏமாறும். ஈர முறையில் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்கிச் சூளைக்குள் அனுப்புவார்கள். அந்தக் கூழில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். சூளைக்குள் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சிமென்டின் மூலக்கட்டியான கிளிங்கர் உருவாவதற்கு முன், அத்தனை தண்ணீரும் ஆவியாகிச் சிம்னி வழியே வெளியேற வேண்டும். மார்கழிக் காலையில் அது குளிர்ந்து அடர்ந்த வெள்ளைத் திரளாகத் தெரியும். அதில் பெரும்பகுதி நீராவி. சித்திரை மதியத்தில் அதே ஆலை, அதே சூளை, அதே தூசி. ஆவி வறண்ட காற்றில் கரைந்துவிடுவதால் வானம் சுத்தமாகத் தெரியும். பயப்பட வேண்டாத நாளில் பயந்து, கவனிக்க வேண்டிய நாளில் சும்மா இருந்துவிடுவோம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சில சிமென்ட் சூளைகளில் சிம்னியின் வாயை ஒட்டிப் புகை இருக்காது. சில மீட்டர் தள்ளி, அந்தரத்தில் தொடங்கும். மூலப்பொருளிலிருந்து வரும் அம்மோனியாவும் குளோரினும் சூடாக இருக்கும்வரை வாயுவாகவே வெளியேறி, வெளிக்காற்றில் குளிர்ந்ததும் அம்மோனியம் குளோரைடு நுண்துகளாக உறைவதுதான் அதற்குக் காரணம். அளவி சிம்னிக்குள் இருக்கும். துகளோ வெளியே வந்து பிறக்கும்.

சரி, எடைபோடுவது எப்படி?

சிம்னியின் பாதி உயரத்துக்கு மேலே இரும்பு ஏணி போட்டு, ஆள் நின்று வேலை செய்யும்படி ஒரு மேடை கட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் சிம்னிச் சுவரில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு துளைகள். அவற்றை எங்கே போடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. வளைவோ விசிறியோ இருக்கும் இடத்திலிருந்து சிம்னி விட்டத்தின் 8 மடங்கு தள்ளியும், மேலே அடுத்த தடை அல்லது வாய்க்கு 2 மடங்கு முன்னாலும் துளை இருந்தால் காற்றோட்டம் நேராக இருக்கும். அப்படி இருந்தால் குறுக்குவெட்டில் 12 புள்ளிகளில் அளந்தால் போதும். இடம் சரியில்லையென்றால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடும்.

துளை வழியே நீளமான குழாய் ஒன்றை உள்ளே நீட்டுவார்கள். அதன் முனையில் சிறிய மூக்கு. கூடவே ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லும் பிட்டாட் குழாய், வெப்பம் காட்டும் கம்பி. நம் நாட்டில் 1985இல் வந்த ஐஎஸ் 11255 தரநிலைப்படி, மூக்குக்குப் பின்னால் திம்பிள் என்று சொல்லப்படும் விரல் உறை வடிவ வடிகட்டி இருக்கும். வெப்பம் குறைந்த இடத்தில் செல்லுலோஸ் திம்பிள், சூடான சிம்னியில் கண்ணாடி இழைத் திம்பிள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1971இல் வெளியிட்ட 5ஆம் முறையில் வடிகட்டி சிம்னிக்கு வெளியே, 120 டிகிரியில் சூடாக்கப்பட்ட பெட்டிக்குள் இருக்கும். சூடாக்காவிட்டால் ஈரம் வடிகட்டியில் படிந்து தாள் நனைந்து கிழியும். சாம்பிள் எடுப்பதற்கு முன்னும் பின்னும் வடிகட்டியை ஈரம் போக உலர்த்தி, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுத்துகிறார்கள். வித்தியாசம்தான் தூசி. உறிஞ்சிய வாயுவின் கொள்ளளவால் வகுத்தால் கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண் கிடைக்கும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. சூட்சுமம் உறிஞ்சும் வேகத்தில் இருக்கிறது.

சிம்னிக்குள் வாயு எந்த வேகத்தில் மேலே போகிறதோ, அதே வேகத்தில் மூக்கும் உறிஞ்ச வேண்டும். களத்தில் கம்பு தூற்றும்போது காற்று உமியை இழுத்துப் போக, மணி மட்டும் தன் வழியில் விழுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு மெதுவாக உறிஞ்சினால் வாயு வளைந்து ஒதுங்கிப் போகும். கனத்த துகள் வளைய முடியாமல் நேராக உள்ளே வந்து விழும். வாயு குறைவு, தூசி அதிகம். ஆலை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். மூக்கு வேகமாக உறிஞ்சினால் பக்கத்து வாயுவெல்லாம் உள்ளே வரும்; அதிலிருந்த கனத்த துகள் வராது. ஆலை உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும். 12 புள்ளிகளிலும் வேகம் வேறு வேறு. ஒவ்வொரு புள்ளியிலும் பிட்டாட் குழாயைப் பார்த்து உறிஞ்சலைத் திருத்த வேண்டும். உறிஞ்சிய வேகம் வாயுவின் வேகத்தில் 90 சதவீதத்துக்கும் 110 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் 5ஆம் முறையில் அந்தச் சாம்பிள் செல்லும். பம்பின் திருகை ஒரு சுற்றுக் கூட்டித் திருகினால் ஓர் ஆலையின் தூசி காகிதத்தில் குறைந்துவிடும். ஆகையால் அறிக்கையில் அந்தச் சதவீதம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

அடுத்தது கணக்கு. சட்டம் கேட்பது சிம்னிக்குள் இருக்கும் கன மீட்டரை அல்ல. 25 டிகிரி வெப்பத்தில், இயல்பான காற்றழுத்தத்தில், ஈரம் நீக்கிய ஒரு கன மீட்டரை. 150 டிகிரியில், 30 சதவீதம் நீராவியோடு போகும் ஒரு கன மீட்டர் வாயுவை அப்படிச் சுருக்கினால் ஏறக்குறைய அரை கன மீட்டர்தான் மிஞ்சும். சிம்னிக்குள் கன மீட்டருக்கு 15 மி.கி. என்று அளந்தது சட்டத்தின் கணக்கில் 30 மி.கி. ஆகிவிடும். ஆக்சிஜனுக்கும் ஒரு திருத்தம் உண்டு. வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் எந்தப் புகையும் நீர்த்துப்போகும் அல்லவா? அதைத் தடுக்கச் சிமென்ட் சூளைக்கு 10 சதவீத ஆக்சிஜன் அளவுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது விதி. சாம்பிளில் 15.5 சதவீதம் ஆக்சிஜன் இருந்து, தூசி 20 மி.கி. என்று வந்தால், திருத்திய எண் 40. வரம்புக்குள் இருந்த ஆலை வரம்பைத் தாண்டிவிடும். அறிக்கையில் ஆக்சிஜன் அளவு இல்லையென்றால் மற்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

வரம்பு எவ்வளவு? நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. நாளொன்றுக்கு 200 டன்னுக்கு மேல் தயாரிக்கும் சிமென்ட் ஆலை, பாதுகாக்கப்பட்ட பகுதி அல்லாத இடங்களில், நெடுங்காலம் 250 மி.கி. வரை தூசி விடலாம் என்று இருந்தது. 2014 ஆகஸ்ட் 25 அறிவிக்கை அதன்பின் வரும் புதிய ஆலைகளுக்கு 30 மி.கி. என்று இறுக்கியது. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரத்தைக் கிலோவில் பார்க்கலாம். மணிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் வாயு விடும் சிம்னியில் 250 மி.கி. என்றால் மணிக்கு 25 கிலோ, நாளைக்கு 600 கிலோ தூசி. 30 மி.கி. என்றால் நாளைக்கு 72 கிலோ.

அந்த 72 கிலோ எப்படிப்பட்ட தூசி என்பதில்தான் சட்டம் வாய் திறப்பதில்லை.

தூசியைப் பிடிக்கும் கருவி பெரும்பாலும் மின்னேற்ற வடிப்பானாகவோ பை வடிகட்டியாகவோ இருக்கும். மின்னேற்ற வடிப்பானுக்கும் சிமென்டுக்கும் உள்ள உறவு பழையது. கலிபோர்னியாவில் ரிவர்சைட் பகுதியில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள், இலையிலும் காயிலும் சிமென்ட் தூசி படிகிறது என்று ஆலைமீது வழக்குப் போட்டார்கள். பெர்க்லியில் வேதியியல் ஆசிரியராக இருந்த பிரடெரிக் காட்ரெல் உருவாக்கிய வடிப்பானை 1910களின் தொடக்கத்தில் அந்த ஆலையில் பொருத்தினார்கள். வாயுவை உயர் மின்னழுத்தம் வழியே அனுப்பினால் துகள்கள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். விவசாயிகள் மல்லுக்கட்டியதால் தொழிலுக்குக் கிடைத்த கருவி அது.

இந்த வடிப்பான்கள் எடைக் கணக்கில் 99 சதவீதத்துக்கும் மேல் பிடிக்கும். ஆனால் மின்னேற்ற வடிப்பான் மிகவும் சிரமப்படுவது 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளிடம்தான். பெரியது பிடிபடும், சிறியது தப்பும். ஒரே அடர்த்தியுள்ள பொருளில், 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 1 மைக்ரான் துகள்கள் ஆயிரம் வேண்டும். எடை வெகுவாகக் குறைந்த பிறகும் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையாமல் இருப்பது இதனால்தான். ஆறு அமெரிக்க நகரங்களில் நடந்த ஆய்வு 1993இல் வெளிவந்து, நுண்துகளுக்கும் மரண விகிதத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. 1997இல் அமெரிக்கா 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளுக்கு, அதாவது பிஎம் 2.5க்கு, தனித் தரநிலை வைத்தது. இந்தியா 2009 நவம்பரில் வைத்தது: ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆண்டுக்கு 5 என்று இறக்கிவிட்டது.

தெருவில் இருக்கும் காற்றுக்கு வைத்த அளவு இது. சிம்னிக்கு வைத்த 30 மி.கி. வரம்போ மொத்தத் தூசிக்கு. தெருவில் சலித்து அளக்கிறார்கள், சிம்னியில் சலிக்காமல் அளக்கிறார்கள். இரண்டு கணக்கும் ஒட்டுவதில்லை.

சிம்னிக்குள்ளேயே சலித்து அளக்க வழி இருக்கிறது. அமெரிக்க முகமையின் 201ஏ முறையில் மூக்குக்குப் பின்னால் கைக்கடக்கமான இரண்டு சைக்ளோன்களை அடுத்தடுத்து மாட்டுவார்கள். முதலாவது 10 மைக்ரானுக்கு மேற்பட்டதைச் சுழற்றி ஒதுக்கும். இரண்டாவது 2.5க்கு மேற்பட்டதை ஒதுக்கும். மிச்சம் 47 மில்லிமீட்டர் வட்ட வடிகட்டியில் படியும். 2009இல் வந்த ஐஎஸ்ஓ 23210 முறை இதையே தட்டடுக்குக் கருவியால் செய்கிறது. இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. மூக்கு வாயுவின் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் புள்ளிக்குப் புள்ளி உறிஞ்சலை மாற்ற வேண்டும். சைக்ளோன் சரியாகச் சலிக்க உறிஞ்சல் மாறவே கூடாது. இதற்குக் கண்ட சமரசம்: உறிஞ்சலை ஒரே அளவில் வைத்துவிட்டு, வேகம் அதிகமுள்ள புள்ளியில் கூடுதல் நேரமும் குறைந்த புள்ளியில் குறைவான நேரமும் நிற்பது, வேகத்தில் 80 முதல் 120 சதவீதம் வரை சலுகை தருவது. நுண்துகள் வாயுவோடு வளைந்து போகக்கூடியது என்பதால் இந்தச் சலுகையால் அதன் கணக்கு பெரிதாகக் கெடுவதில்லை.

அதன் பிறகும் ஒன்று மிஞ்சும். அந்தரத்தில் பிறக்கும் அந்தத் துகள். சூடான வடிகட்டியை அது வாயுவாகவே கடந்துவிடும். அதைப் பிடிக்க 202ஆம் முறை உண்டு. வடிகட்டியைத் தாண்டிய வாயுவைக் குளிர்வித்து, உறைவதைச் சேகரித்து எடைபோடும் முறை. ஈரம் நிறைந்த சிம்னியில், நீர்த்துளி கலந்த வாயுவில் சைக்ளோன் வேலை செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கருவிகள் இருக்கட்டும். ஒரு சாம்பிள் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் 8760 மணி நேரம் இருக்கிறதே? சூளை வாயுவில் கார்பன் மோனாக்சைடு கூடினால் மின்னேற்ற வடிப்பானுக்குள் வெடிக்கும் ஆபத்து உண்டு. மின்சாரம் தானாக நின்றுவிடும். அந்த நிமிடங்களில் தூசி அப்படியே வெளியே போகும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து, பகல் 11 மணிக்கு ஏணி ஏறுகிறவரின் திம்பிளில் இது ஒருபோதும் சிக்காது. நள்ளிரவில் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலில்தான் சிக்கும்.

தொடர் அளவி இதற்காகவே வந்தது. சிமென்ட் உள்ளிட்ட 17 வகைப் பெருமாசுத் தொழில்கள் சிம்னியில் ஆன்லைன் அளவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5இல் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் இந்த எண்கள் சென்னை கிண்டியில் உள்ள வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்குப் போகின்றன. சிம்னிக்குக் குறுக்கே ஒளி பாய்ச்சி, எவ்வளவு மங்குகிறது அல்லது சிதறுகிறது என்று பார்ப்பது ஒரு வகை. துகள் கம்பியில் உரசும்போது எழும் மின்னோட்டத்தைப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டுமே எடையைப் பார்ப்பதில்லை. திம்பிளோடு ஒப்பிட்டுத் திருத்தினால்தான் அவை மி.கி. பேசும். எரிபொருளோ கல்லோ மாறினால் திரும்பவும் ஒப்பிட வேண்டும்.

அளவி காட்டிய எண்ணே வழக்கான கதை நம் பக்கத்து மாவட்டத்தில் உண்டு. 2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடியில் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் பட்டார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் சிம்னி அளவியில் கந்தக டையாக்சைடு எகிறியிருந்தது. வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. அந்த நேரத்தில் அளவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம், எண் அதனால் வந்தது என்று ஆலை வாதிட்டது. மே இறுதியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க அனுமதித்தது. அது வாயு, இங்கே பேசுவது துகள்; ஆனாலும் பாடம் ஒன்றுதான். அளவியை எப்போது, யார் முன்னிலையில் சரிபார்த்தார்கள் என்ற பதிவு இல்லாவிட்டால் ஒரே எண்ணை இரு தரப்பும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

எண்ணுக்குக் கூலி கொடுப்பது யார் என்ற கேள்விக்குக் குஜராத் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே ஆலைகள் தணிக்கையாளரைத் தாங்களே அமர்த்தி, தாங்களே பணம் கொடுத்து அறிக்கை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. சிம்னித் தூசிக்கு வரம்பு 150 மி.கி. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் மாநில வாரியத்தோடு சேர்ந்து 473 ஆலைகளில் செய்த சோதனை 2013இல் வெளியானது. பழைய ஏற்பாட்டில், துகள் வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகள்தான் என்றன தணிக்கை அறிக்கைகள். தனியாகப் போய் அளந்தபோது 59 சதவீதம் மீறியிருந்தன. அறிக்கைகளின் எண்கள் 150க்குச் சற்றுக் கீழே கும்பலாக நின்றன. பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்குக் குலுக்கல் முறையில் தணிக்கையாளரை அமர்த்தி, பொது நிதியிலிருந்து நிர்ணயக் கூலி கொடுத்து, சிலவற்றில் மறு அளவீடும் செய்தார்கள். பொய் அறிக்கை 80 சதவீதம் குறைந்தது. உண்மை எண் வரத் தொடங்கியதும் ஆலைகளும் தூசியைக் குறைத்தன. கருவி பழையதுதான், மாறியது கூலி வரும் பாதை மட்டும்.

அதே மாநிலம் 2019இல் இன்னொரு படி ஏறியது. சூரத்தில் 300க்கும் மேற்பட்ட ஆலைகளின் சிம்னிகளில் தொடர் அளவி பொருத்தி, துகள் வெளியேற்றத்துக்கு மொத்த உச்சவரம்பு வைத்து, அனுமதிகளை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கச் சந்தை திறந்தார்கள். துகள் மாசுக்கென்று உலகில் முதன்முதலாகத் திறந்ததாகச் சொல்லப்படும் சந்தை அது. சந்தைக்குள் வந்த ஆலைகளின் வெளியேற்றம் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது என்பது ஆய்வு முடிவு. அவற்றில் பெரும்பாலானவை நிலக்கரி எரிக்கும் ஜவுளி ஆலைகள். 2011இல் இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு தேர்ந்தெடுத்த மூன்று மாநிலங்கள் குஜராத், மகாராஷ்டிரா, தமிழ்நாடு. சூரத்தில் சந்தை நடக்கிறது.

ஜவுளி பாய்லர் என்றதும் ராஜபாளையமும் சத்திரப்பட்டியும் நினைவுக்கு வர வேண்டும். மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் சிறு பாய்லருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த தூசி வரம்பு 1200 மி.கி. புதிய சிமென்ட் சூளைக்கு உள்ளதைப் போல 40 மடங்கு. அந்தச் சிம்னிகள் குட்டையானவை, வீடுகளுக்கு நடுவே இருப்பவை, விறகில் ஓடுபவை. பெரிய சிம்னியை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சின்னதை யாரும் எடைபோடுவதில்லை.

சிம்னியே இல்லாத தூசியும் இந்த வட்டாரத்தில் உண்டு. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்கும் உலர்த்தும் மேடைக்கும் புகைக்கூண்டு கிடையாது. அலுமினியப் பவுடரும் கந்தகமும் வெடியுப்பும் தொழிலாளியின் கையிலும் முகத்திலும் படியும். அங்கே அளவியைத் தொழிலாளியின் மேல்தான் மாட்ட வேண்டும். இடுப்பில் சிறு பம்ப், சட்டைக் காலரில் விரலளவு சைக்ளோனும் வடிகட்டியும். எட்டு மணி நேரம் அவர் மூச்சுவிடும் காற்றையே அது சலிக்கும். பம்ப் தீப்பொறி எழாத வகையாக இருக்க வேண்டும் என்பதைச் சிவகாசிக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

வெடித்த பிறகு வரும் புகையையும் அளந்திருக்கிறார்கள். புனேயில் உள்ள மார்பு ஆய்வு நிறுவனமும் புனே பல்கலைக்கழக மாணவர்களும் 2016இல் ஆறு வகைப் பட்டாசுகளை, கொளுத்துகிறவர் நிற்கும் தூரத்தில் வைத்துச் சோதித்தார்கள். சரவெடி முதலிடத்தில் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். முதலிடம் பிடித்தது சத்தமே போடாத பாம்பு மாத்திரை: உச்சத்தில் கன மீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம் பிஎம் 2.5. ஆயிரம் வாலாவுக்கு 38,540. சில நிமிட உச்சத்தை நாள் முழுவதற்குமான 60 என்ற சராசரியோடு நேருக்கு நேர் வைக்க முடியாது. என்றாலும், குழந்தைகள் குனிந்து நின்று பார்க்கிற பட்டாசு அதுதான். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளுக்கு மட்டும் வழிவிட்டது. நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசு குறைந்தது 30 சதவீதமாவது துகள் குறைத்து வெளியிட வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். 30 சதவீதம் என்பதும் ஒரு சோதனை அறைக்குள் எடைபோட்டுச் சொன்ன எண்தான். பெட்டியில் கியூஆர் கோடு அச்சிட்டிருப்பது மட்டும் துகளைக் குறைத்துவிடாது.

கூடியிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஓர் ஆலை "எங்கள் சிம்னியில் 28 மி.கி." என்று பலகை வைத்தால் மகிழ்ச்சியடையவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். உறிஞ்சிய வேகம் எத்தனை சதவீதம்? ஆக்சிஜன் திருத்தம் செய்யப்பட்டதா? இதில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்டது எவ்வளவு? சாம்பிள் எடுத்தவருக்குக் கூலி கொடுத்தது யார்? முதல் இரண்டுக்கும் விடை ஆய்வக அறிக்கையிலேயே இருக்க வேண்டும். மூன்றாவதுக்கு விடை இருக்காது, சட்டம் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி வாரியத்துக்கு எழுதலாம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. அது பொது ஆவணம். கல்லூரியில் வேதியியலும் இயற்பியலும் படிக்கும் பிள்ளைகள் அதை வாங்கி, 25 டிகிரிக்கும் 10 சதவீத ஆக்சிஜனுக்கும் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு விகிதக் கணக்குக்கு மேல் அதில் எதுவும் இல்லை. இணையத்தில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.